மாடி வீட்டுக் கோல்கீப்பர்

வாங்க. படியில பாத்து வாங்க, அந்த மூணாவது படி கொஞ்சம் ஆடும். மாடி போர்ஷன்தானே? தண்ணிக்குக் கவலையே இல்லை. போர் இருக்கு, காவேரித் தண்ணியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். ரெண்டு ரூம், ஒரு கிச்சன், துணி காயப்போடப் பின்னாடி இடம். எல்லாத்தையும் விட முக்கியமா ஒண்ணு, இங்க சத்தமே கிடையாது. பொன்மலைப்பட்டியிலயே இவ்வளவு அமைதியான வீடு பாக்க முடியாது. நீங்களே கேளுங்க. ஏதாவது கேக்குதா? அவ்வளவுதான்.

அந்தச் சுவரா? கேப்பீங்கன்னு தெரியும். வர்றவங்க எல்லாம் முதல்ல அதைத்தான் பாக்கறாங்க. ஈரம் இல்லைங்க, பயப்படாதீங்க. பந்து பட்ட தடம். யாரோ சுவர்ல வட்ட வட்டமா தோசை ஊத்தின மாதிரி இருக்கில்ல? வெள்ளையடிக்க ஆளுக்குச் சொல்லியிருக்கேன். எட்டு மாசமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். இப்படி உக்காருங்க, சாவி உள்ள எங்கயோ இருக்கு, எடுக்கலாம். அதுக்கு முன்னாடி இந்தச் சுவர் கதையை நானே சொல்லிடறேன். இல்லைன்னா எதிர் வீட்ல வேற மாதிரி சொல்லுவாங்க. இந்தத் தெருவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

செலின்னு ஒருத்தி மாடியில இருந்தா. ஆஸ்பத்திரியில ஆயா வேலை. புருஷன் சிங்கப்பூர் போறேன்னு போனவன், போனவன்தான். ஒரே பொண்ணு, ஜோவிட்டா. எட்டாவது படிச்சுக்கிட்டிருந்தா வரும்போது. முருங்கைக்காய் மாதிரி உசரமா, ஒல்லியா, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ற பொண்ணு. ரொம்பப் பிடிச்சுப்போச்சு எனக்கு. வாடகைக்கு வர்ற பிள்ளைங்க எப்படியிருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? கதவைச் சாத்தற சத்தத்துலயே குடலு நடுங்கும். இது அப்படியில்லை, வீட்ல இருக்கறதே தெரியாது. அப்படித்தான் நினைச்சேன்.

வந்து நாலாம் நாள். விடிகாலை அஞ்சே முக்கால் இருக்கும், பின் சுவர்ல 'தொம்'முன்னு ஒரு சத்தம். தேங்காய்தான் விழுந்துடுச்சுன்னு நினைச்சேன். திரும்ப தொம். கூடவே ஒரு கத்தல். "கீப்பர்!" தொம். "கீப்பர்!" அடிச்சுப் பிடிச்சு எழுந்து ஓடினேன். ஏன்னா அந்தச் சுவருக்கு உள் பக்கம்தான் எங்க வீட்டுக்காரர் படுத்திருந்தார்.

அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாதில்ல. லோகநாதன். ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். ரிட்டயர் ஆன மறு வருஷமே வாதம் வந்து வலது பக்கம் பூராவும் போயிடுச்சு, பேச்சும் போயிடுச்சு. நாலு வருஷமா அந்தப் பின் ரூம்ல கட்டில். டாக்டர் சொன்னார், அதிர்ச்சி கூடாது, தொந்தரவு கூடாது, அமைதியா வச்சுக்கங்கன்னு. அமைதியா வச்சுக்கறதுதான் என் வேலை. மிக்சி கூட முன் வாசல்ல கொண்டுவந்து வச்சுத்தான் அரைப்பேன். அப்பேர்ப்பட்ட வீட்ல வந்து தொம்மு தொம்முன்னு.

போய்ப் பாத்தா, இந்தப் பொண்ணு. சுவருக்கு நாலடி தள்ளி நின்னுக்கிட்டு, பந்தைச் சுவர்ல எறிஞ்சு, திரும்பி வர்றதைப் பிடிக்கறா. பிடிக்கற ஒவ்வொரு தடவையும் ஒரு கத்தல்.

"என்னடி இது?"

"கோல்கீப்பர் ஆன்ட்டி. கோச் சார் வீட்லயே பழகச் சொன்னாரு."

ஸ்கூல்ல ஃபுட்பால் டீமாம். சாயங்காலம் கிரவுண்ட்ல நாப்பது பிள்ளைங்களுக்கு ஒரே கோச். மத்த பிள்ளைங்களை ஓட விடறது, உதைக்க விடறது, அதுக்கே நேரம் போயிடுமாம். கோல்கீப்பருக்குன்னு தனியா சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. கடைசிப் பத்து நிமிஷம் நிக்க வச்சு எல்லாரும் இவ மேல பந்தை அடிப்பாங்க, அவ்வளவுதான் பயிற்சி. அதனால அந்த சார் ஒரு நோட்டுத் தாள்ல எழுதிக் கொடுத்திருந்தார், தனியா ஒருத்தியா என்னென்ன பண்ணலாம்னு. அந்தத் தாளை ஒரு செங்கல்லுக்கு அடியில வச்சுக்கிட்டுப் பாத்துப் பாத்துப் பண்ணுவா. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு போங்க. சுவர்ல எறிஞ்சு நெஞ்சுக்கு நேரா பிடிக்கறது நாப்பது. அப்ப ரெண்டு கட்டை விரலும் ஒட்டி இருக்கணும், இல்லைன்னா பந்து நடுவுல புகுந்து மூக்கை உடைச்சுடும். அப்புறம் தரையில உக்காந்துக்கிட்டு பந்தை மேல போட்டுட்டு, அது கீழ வர்றதுக்குள்ள எழுந்து பிடிக்கறது. முட்டி போட்டு நின்னு, வலது பக்கம் சாயறது, இடது பக்கம் சாயறது. ரெண்டு செருப்பை ரெண்டு முனையில போட்டுட்டு, நடுவுல நண்டு மாதிரி பக்கவாட்டுல போறது, வர்றது. ரெண்டு அடி இந்தப் பக்கம், ரெண்டு அடி அந்தப் பக்கம். காலைக் குறுக்க போட்டா தப்பாம்.

"சரி, அது எதுக்குக் கத்தற?"

"பந்து என்னோடது, எல்லாரும் விலகுங்கன்னு அர்த்தம் ஆன்ட்டி. கையை விட வாய்தான் முக்கியம்னு சார் சொல்வாரு. கீப்பர் கத்தினாத்தான் நம்ம ஆளுங்களே நகருவாங்க."

"அங்க ஆள் இருக்கு, நகரணும், கத்தற. இங்க யாருடி இருக்கா நகர்றதுக்கு? என் கொடிக்கயிறா?"

சிரிச்சுட்டா. நானும்தான் சிரிச்சேன். நான் ஒண்ணும் ராட்சசி இல்லை. கன்னத்தைத் தட்டிச் சொன்னேன், மாமா உள்ள படுத்திருக்கார், உடம்பு சரியில்லாதவர், அந்தக் கத்தலை மட்டும் மனசுக்குள்ள சொல்லிக்கோன்னு. "சரி ஆன்ட்டி"ன்னா. மறு நாள்லேருந்து கத்தல் கிடையாது. உதடு மட்டும் அசையும். ஒரு தடவை சொன்னதுதான், ரெண்டாவது தடவை சொல்ல வைக்கலை. எந்த வீட்டுப் பிள்ளை கேக்கும் அப்படி?

ஆனா தொம் நிக்கலையே. உள்ள அவர் படற பாடு எனக்குத்தானே தெரியும். ஒவ்வொரு தொம்முக்கும் அந்த இடது கை விரல் இருக்கில்ல, அது கட்டில் சட்டத்துல தட்டும். தொம்னா டக். தொம்னா டக். வாயால சொல்ல முடியாத மனுஷன் விரலால சொல்றார், எரிச்சலா இருக்குன்னு. ஏதாவது ஒரு பந்து கை நழுவி உருண்டு போச்சுன்னா, தொண்டைக்குள்ளேருந்து 'ப்ச்'சுன்னு ஒரு சத்தம் வேற. நாலு வருஷமா ஒரு சத்தமும் வராத தொண்டை. அவ்வளவு கோபம். காலையில அஞ்சரைக்கே முழிச்சுக்கிட்டுச் சுவரையே பாத்துக்கிட்டுக் கிடப்பார், எப்ப ஆரம்பிக்கப் போறாளோன்னு. இத்தனைக்கும் அந்தக் காலத்துல ஃபுட்பால்னா சோறு வேண்டாம் அவருக்கு. ஒர்க்‌ஷாப் கிரவுண்ட்ல மேட்ச்னா கோலுக்குப் பின்னாடி போய் நின்னுக்குவார், வீட்டுக்கு வர்றதுக்குள்ள சாம்பார் ஆறிப்போகும். அவருக்கே பொறுக்க முடியலைன்னா பாத்துக்கங்க.

அதனால செலினைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவ உடனே, "நிறுத்தச் சொல்லிடறேன்க்கா"ன்னா. நான்தான், "நிறுத்தல்லாம் வேண்டாம், பிள்ளை ஆசைப்படுது, ஆறரைக்கு மேல ஆரம்பிக்கட்டும், அரை மணி போதும்"னேன். விட்டுக் கொடுத்துப் போறதுதானே முறை. சரின்னாங்க. ஒரு மாசம் போச்சு. அப்புறம் பாத்தேன், சுவர்ல காரை உதிருது. பெரிய பந்து வேண்டாம்மா, சின்னதா ஏதாவது வச்சுக்கோன்னேன். டென்னிஸ் பந்து ரெண்டு வாங்கிக்கிட்டா. அது இன்னும் மோசம்ங்க. ஒரு கையில எறிஞ்சு மறு கையில பிடிக்கறா, டப் டப் டப் டப்புன்னு தையல் மிஷின் மாதிரி. அவர் விரலும் கூடவே ஓடுது. பயந்துட்டேன், ஏதாவது ஆயிடப் போகுதுன்னு.

அப்புறம் என்ன பண்ணேன் தெரியுமா? நானே உக்காந்து ஒரு பந்து தைச்சேன். அவரோட பழைய வேட்டி, என் காட்டன் புடவை ஒண்ணு, உள்ள பஞ்சு. நல்ல கெட்டியா, ஃபுட்பால் சைஸுக்கு. மூணு நாள் ஆச்சு. எந்த வீட்டுக்காரம்மா செய்வா? "ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி"ன்னு வாங்கிக்கிட்டா. சத்தமே இல்லை, பொத்துன்னு பட்டு அப்படியே கீழ விழுந்துடும். திரும்பி வராது. அவ எறிவா, போய் எடுப்பா, எறிவா, போய் எடுப்பா. பத்து நாள் பண்ணா அப்படி. பாக்கவே பாவமா இருந்துச்சு. நான்தான் ஒரு நாள் கேட்டேன், "ஏம்மா, இதுக்கு பந்து இல்லாமயே செய்ய முடியாதா?"ன்னு.

யோசிச்சா. "பாதி செய்யலாம் ஆன்ட்டி."

அப்படித்தான் பந்து நின்னுது. நான் நிறுத்தலை, அதுவா நின்னுது. அதுக்கப்புறம் பாக்கணுமே நீங்க. வெறும் கை. சுவரைப் பாத்து நிப்பா. இல்லாத பந்து வரும். ரெண்டு கட்டை விரலும் ஒட்டி நெஞ்சுக்கு நேரா பிடிப்பா. உதடு அசையும். கீழ வைப்பா. அடுத்தது. சாயறது மட்டும் பொத்துன்னு கேக்கும், அதுக்குக் கோணிச் சாக்கை நாலா மடிச்சுப் போடச் சொன்னேன். போட்டுக்கிட்டா. எதுக்கும் முகத்தைச் சுளிக்கலை. ஒன்பதாவது பூராவும் அப்படித்தான் பழகினா. நான் இங்க உக்காந்து அரிசி பொறுக்கிக்கிட்டே பாப்பேன். ஒரு சத்தம் கிடையாது. கோலம் போடற மாதிரி இருக்கும்.

அவரும் அடங்கிட்டார். விரல் தட்டறது நின்னுது, அந்த 'ப்ச்' நின்னுது. கையை நெஞ்சு மேல வச்சுக்கிட்டு சுவரைப் பாத்துக்கிட்டே கிடப்பார், அசையவே மாட்டார். டாக்டர் சொன்ன அமைதி அப்பத்தான் கிடைச்சுது அவருக்கு. சாப்பாடுதான் கொஞ்சம் குறைஞ்சுது.

அந்த வருஷம் மே மாசம் செலக்‌ஷன். அது என்னன்னா, பொண்ணுங்களுக்குன்னு ஒரு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல். அதுல ஒரே ஒரு கோல்கீப்பர் இடம். கிடைச்சா சாப்பாடு, படிப்பு, தங்கற இடம், பன்னெண்டாவது வரைக்கும் எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க. செலினுக்கு அது ஒண்ணுதான் வழி. அவ டூட்டி மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு, பொண்ணு தனியா தின்னு தனியா தூங்கி, எத்தனை நாளைக்கு முடியும்? "அக்கா, இது கிடைக்கலைன்னா ஸ்கூலை நிறுத்திட்டு எங்க அண்ணன்கிட்ட திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறதுதான்க்கா"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. செலக்‌ஷன் அன்னிக்கு அவளுக்கு லீவு கிடைக்கலை. நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். எதிர் வீட்டுப் பொண்ணை அவர் பக்கத்துல உக்கார வச்சுட்டு, கட்டுச் சோறு கட்டிக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி. ஃபார்ம்ல போன் நம்பர் கேட்டாங்க. செலின் டூட்டியில போன் எடுக்க முடியாதுன்னு என் நம்பரையே கொடுத்தேன். சொந்தப் பொண்ணுக்குக் கூட இவ்வளவு செஞ்சிருக்க மாட்டேன். எனக்கு ஏது சொந்தப் பொண்ணு.

முதல்ல ஒவ்வொருத்தியா நிக்க வச்சு ஒரு மேடம் பந்து எறிஞ்சாங்க. என் ஜோவி பிடிச்சா பாருங்க! ஒண்ணு விடலை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தரையோட, தலைக்கு மேல. அந்த மேடம் எறியறதை நிறுத்திட்டுப் பக்கத்துல இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. நம்ம வீட்டுக் கொல்லையில பழகின பொண்ணு இல்லையா. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மாகிட்ட சொன்னேன், எங்க வீட்டுப் பொண்ணுதான்னு.

அப்புறம் மேட்ச் மாதிரி ஆட விட்டாங்க. அங்கதான் அநியாயம் நடந்துச்சு. எதிர்த் தரப்பு ஒருத்தி பந்தை உசரமா தூக்கி அடிச்சா. ஜோவி ஓடி வந்தா. சரியாத்தான் வந்தா. ஆனா இவ கூட்டத்துப் பொண்ணுங்க ரெண்டு பேரும் அதே பந்துக்குத் தாவறாங்க. மூணு பேரும் முட்டிக்கிட்டு விழுந்தாங்க, பந்து ஒருத்தி தலையில பட்டு உள்ள போயிடுச்சு. யார் தப்பு? விலகாதவங்க தப்புதானே? அந்த மேடம் என்னமோ ஜோவியைப் பாத்துக் கத்தறாங்க, "கூப்பிடு! வாயைத் திற!"ன்னு. ரெண்டாவது தடவையும் அதே மாதிரி. இவ ஒதுங்கி நின்னுட்டா, மத்தவங்க எடுத்துப்பாங்கன்னு. அவங்க இவ எடுத்துப்பான்னு நின்னுட்டாங்க. பந்து நடுவுல உருண்டு போகுது கோலுக்கு. மூணாவதும் அப்படியேதான் போச்சு. "உன் தொண்டை என்னாச்சு? கத்தும்மா, கத்து!" மைதானமே கத்துது. எதிர்ப் பக்கத்துக் கோல்கீப்பர் ஒரு குட்டைப் பொண்ணு, பந்து பாதிக்குப் பாதி நழுவுது அவளுக்கு, ஆனா வாய் மூடலை, சந்தையில மீன் விக்கற மாதிரி கத்திக்கிட்டே இருக்கா. அவளைத்தான் எடுத்தாங்க. மூணு கோல் வாங்கின நம்ம பொண்ணு, அத்தனை பேர் கத்தும்போதும் ஒரு வார்த்தை திருப்பிக் கத்தலையே, அது யார் கண்ணுக்குப் பட்டுச்சு? வளர்ப்புன்னா அதுதானேங்க. அதுக்கு மதிப்பெண் கிடையாது.

பஸ்ல வரும்போது ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிட்டு வந்தா. ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன், அப்படியே கையில வச்சுக்கிட்டு இருந்தா. ஏம்மா, ஒரு வார்த்தை கத்தித் தொலைச்சிருக்கலாமில்லன்னு கேட்டேன், ஆற்றாமையில.

"கத்தினேன் ஆன்ட்டி. எல்லாப் பந்துக்கும் கத்தினேன். மனசுக்குள்ள."

பாலக்கரையில இறங்கி அடுத்த பஸ் பிடிச்சோம்.

மறு நாள் நானே பெரிய பந்து ஒண்ணு, கடையில புதுசா வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். இனிமே இதை வச்சே அடிச்சுக்கோ, சுவர் போனாப் போகுதுன்னேன். வாங்கி ரெண்டு கையிலயும் உருட்டிப் பாத்தா. "பரவாயில்லை ஆன்ட்டி, பழகிடுச்சு"ன்னு படிக்குக் கீழ வச்சுட்டு மேல போயிட்டா. அதுக்கப்புறம் கொல்லைப் பக்கமே வரலை. நிஜமா வரலைங்க. தினமும் பாத்தேன்.

அடுத்த மாசம் அவர் போயிட்டார். காலையில காபி கொண்டுபோனேன், சுவரைப் பாத்துக் கண்ணு திறந்தபடி இருந்துச்சு. சத்தம் காட்டாமப் போயிட்டார். பதினாறு முடிஞ்சு வந்தவங்கல்லாம் போனதும் வீடு எப்படி இருந்துச்சுன்னு சொல்லித் தெரியாது உங்களுக்கு. மிக்சியை உள்ள கொண்டுவந்து வச்சேன். போடத் தோணலை. யாருக்கு அரைக்கறது?

அந்த சமயத்துலதான் போன் வந்துச்சு. ஒரு புதன்கிழமை, காலை எட்டு மணி. அந்த மேடம்தான். அன்னிக்கு வந்த உசரமான பொண்ணு வீடுதானேன்னாங்க. எடுத்த பொண்ணுக்குக் கால் எலும்பு முறிஞ்சுபோச்சாம், இந்த வருஷம் ஆட முடியாதாம். "அந்தப் பொண்ணு கை மாதிரி சுத்தமான கை இந்த வயசுல நான் பாத்ததில்லைங்க. யார் பழக்கினாங்க? கத்த மாட்டேங்கறா, அது பெரிய விஷயமில்லை, அதை நாங்க சொல்லிக் கொடுத்துக்கறோம். ரெண்டு நாள்ல கொண்டுவந்து சேத்துடுங்க"ன்னாங்க.

அப்ப அவ மேலதான் இருந்தா. என் தலைக்கு மேல கேக்குது. ரெண்டு அடி இந்தப் பக்கம், ரெண்டு அடி அந்தப் பக்கம். என்னத்துக்கு இவ இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடக்கறான்னு கூடத் தோணுச்சு. ஒரு குரல் கொடுத்திருந்தா இறங்கி வந்திருப்பா.

"அவ இப்பல்லாம் ஆடறதில்லைங்க. விட்டுட்டா." அப்படின்னு சொன்னேன்.

பொய்யில்லையே. விட்டுட்டாதானே. நான் பாத்ததைத்தானே சொன்னேன். மறுபடியும் கூட்டிக்கிட்டுப் போய், மறுபடியும் நாலு பேர் கத்தி, மறுபடியும் அந்தப் பிள்ளை ரோஸ்மில்க்கைக் கையில வச்சுக்கிட்டு உக்காரணுமா? அப்படித்தான் நினைச்சேன். அப்படித்தான் நினைச்சதா இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உங்க முகத்தைப் பாத்தா பொய் சொல்ல வரலை. முன்ன பின்ன தெரியாதவங்ககிட்டதான் சொல்ல முடியுது இதெல்லாம். அவ ஹாஸ்டலுக்குப் போயிட்டா செலின் எதுக்கு ரெண்டு ரூம் வீட்ல இருப்பா? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்துக்கிட்டுப் போயிடுவா. மேல காலடிச் சத்தம் கூட இல்லாமப் போயிடும். அந்த ஒரு நிமிஷத்துல அதுதாங்க தோணுச்சு. பயமா இருந்துச்சு. போனை வச்சுட்டேன்.

செலின் டூட்டி முடிஞ்சு வரும்போதெல்லாம் படியில நின்னு கேப்பா, "அக்கா, போன் ஏதாச்சும் வந்துச்சாக்கா? வெயிட்டிங் லிஸ்ட்னு ஒண்ணு இருக்குமாம்"னு. "வந்தா சொல்ல மாட்டேனா செலின்?" ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை, தினமும். பதினோரு நாள் தாங்கினேன். பன்னெண்டாம் நாள் என்னால முடியலை, நானே அந்த நம்பருக்குப் போட்டேன். அந்தப் பொண்ணு வர்றா, விடலையாம், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்னேன். இடம் போயிடுச்சுங்கன்னாங்க. மதுரைப் பொண்ணு ஒண்ணு வந்து சேந்து ஒரு வாரம் ஆச்சாம். அடுத்த வருஷம் பாக்கலாமான்னு கேட்டேன். பிறந்த தேதி கேட்டாங்க, சொன்னேன். வயசு தாண்டிடும்னு சொல்லிட்டாங்க. நல்ல மாதிரியாத்தான் சொன்னாங்க.

ஆகஸ்ட்டுல செலின் வந்து வீட்டைக் காலி பண்றோம்னா. நான் சொல்லிப் பாத்தேன். வாடகையே வேண்டாம், மேலயே இருங்க, பொண்ணை நான் பாத்துக்கறேன், என் கூடயே சாப்பிடட்டும்னேன். "ஏற்கெனவே உங்களுக்கு எவ்வளவோ தொந்தரவு கொடுத்துட்டோம்க்கா"ன்னா. அண்ணன் எல்லாம் பேசி வச்சுட்டானாம். அவளுக்குச் சமையல் வேலை, ஜோவிக்கு பனியன் கம்பெனியில நூல் பிசிறு வெட்டற வேலை. ஒரு வயசு கூட்டிச் சொல்லணுமாம், உசரமா இருக்கறதால தெரியாதாம்.

ஞாயித்துக்கிழமை குட்டி லோடு வண்டி வந்துச்சு. சாமான் என்ன இருக்கு, ஒரு கட்டில், ஒரு பீரோ, கொஞ்சம் பாத்திரம். செலின் என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. ஜோவி சாவியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில வச்சா, போய் வண்டிக்குப் பின்னாடி கட்டில் மேல ஏறி உக்காந்துக்கிட்டா. நான் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். வண்டி போகுது. பால் பூத் தாண்டி, தெருமுனை திரும்பப் போகுது. அப்ப அவ எழுந்து நின்னா. பீரோவை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, மறு கையை வாய்கிட்ட வச்சுக்கிட்டு,

"ஆன்ட்டீ! அந்த மேடம் போன் பண்ணா, நான் விடலைன்னு சொல்லுங்க! ரூமுக்குள்ள தினமும் பண்றேன்னு சொல்லுங்க! விடலைன்னு சொல்லுங்க ஆன்ட்டீ!"

தெருவுல அத்தனை வீட்டு ஜன்னலும் திறந்துச்சு. பால் பூத்துல நின்னவங்க ரெண்டு பேரும் ஓரமா விலகிட்டாங்க. அவ்வளவு பெரிய குரல்ங்க அந்தப் பொண்ணுக்கு. நான் கையை உசத்தி, சரி சரின்னு ஆட்டினேன். எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க, வேற என்ன செய்ய?